வலி குறைந்ததும் நுரையீரல் விரிந்துவிட்டதாக எண்ணுவது தவறு

நுரையீரலின் மேலுறைக்கும் மார்புச் சுவரின் உள்ளுறைக்கும் இடையே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. அந்த இடுக்கில் காற்று புகுந்தால், இயல்பாகவே சுருங்கும் தன்மையுள்ள நுரையீரல் சுருங்கிவிடுகிறது. இதையே நியூமோதொராக்ஸ் என்கிறார்கள்.

அடிபட்டால்தான் இப்படி நேரும் என்று நினைப்பது முதல் தவறு. விலா எலும்பு முறிவும் கத்திக்குத்தும் காரணங்களே. ஆனால் நுரையீரலின் உச்சியிலுள்ள சிறு காற்றுக் கொப்புளம் தானாக உடைவதாலும் இது வரும். உயரமான, ஒல்லியான இளைஞர்களிடம், அதிலும் புகைபிடிப்பவர்களிடம், இது அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மார்பின் ஒரு பக்கம் சுருக்கென்று குத்தும். மூச்சை இழுக்க இழுக்க வலி கூடும். வாயுப்பிடிப்பு என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

நான் மிகவும் அஞ்சுவது அதற்கடுத்த தவறுக்குத்தான். உள்ளே காற்று அப்படியே இருக்கும்போதும், ஒரு நாளுக்குள் வலி தானாகத் தணிந்துவிடக்கூடும். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். காசநோயாலோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாலோ ஏற்கெனவே நலிந்த நுரையீரல் என்றால், சிறிதளவு காற்றே மூச்சைக் கடுமையாகத் திணறடித்துவிடும் என்பதால், வழக்கமான இளைப்புதான் என்று அந்நோயாளிகள் காத்திருப்பது இன்னும் ஆபத்தானது.

உள்ளே போன காற்று வெளியேற வழியின்றி மூச்சுக்கு மூச்சு சேர்ந்துகொண்டே போனால், அது இதயத்தையும் பெரிய இரத்தக் குழாய்களையும் மறுபக்கம் தள்ளி இரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும். உதடு நீலம் பாய்வது, நாடி படபடப்பது, மயக்கம் வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நேரத்தில் மருத்துவர்கள் எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திராமல் ஊசியால் காற்றை வெளியேற்றுவார்கள்.

காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் பொருத்தியவரை நடக்க வைக்கும்போது, அக்குழாயின் மறுமுனை இணைந்துள்ள நீர்ப் புட்டியை மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுவதும் உண்டு. புட்டி எப்போதும் தாழ்வாகவே இருக்க வேண்டும், இல்லையேல் நீர் உள்ளே திரும்பிவிடும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை வீட்டார் இறுக்கி அடைப்பது கூடவே கூடாது.

குணமான பின்னும் புகைபிடித்தால் இது திரும்ப வரும் வாய்ப்பு கூடும். நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, மருத்துவர் சொல்லும் இடைவெளி கழிந்த பிறகே விமானம் ஏறலாம். ஸ்கூபா டைவிங்கை, அறுவை சிகிச்சை செய்துகொண்டு மருத்துவரின் ஒப்புதலும் பெற்றாலொழிய, நிரந்தரமாக விட்டுவிட வேண்டும்.