சினிமா நாவலில் வருவது கதைக் கணக்கில் சேருமா?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போனால், பழைய புத்தகக் கடைகளில் ‘ஸ்டார் வார்ஸ்’, ‘ஸ்டார் ட்ரெக்’ பட நாவல்கள், அதாவது படத்தின் திரைக்கதையை நாவலாக்கியவை, கைக்குக் கிடைக்கும். படித்து முடித்ததும் சண்டை வரும்: படத்தில் இல்லாத ஒன்று நாவலில் இருந்தால் அது ‘கேனானா’ (அந்தக் கதையுலகில் அதிகாரபூர்வமாக நடந்ததாகக் கொள்ளப்படுவதா), இல்லையா?

முதலில் அட்டையை நம்பாதீர்கள். படம் வந்ததும் மூல நாவலுக்கே போஸ்டரை அட்டையாகப் போட்டு மறுபடி அச்சடிப்பார்கள். தலைப்புப் பக்கத்தில் ‘இன்னாரின் திரைக்கதையைத் தழுவியது’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாமல், காப்புரிமை ஆண்டும் படத்துக்குப் பல வருடம் முந்தியிருந்தால், கையில் இருப்பது பெரும்பாலும் மூலக் கதைதான்; இந்தக் கேள்வியே அதற்குப் பொருந்தாது.

அடுத்து, உரிமைக்காரர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடுங்கள். யார் எழுதியது என்பது இங்கே செல்லாது. ‘ஸ்டார் ட்ரெக்’கைப் படைத்த ஜீன் ராடன்பெரியே 1979 படத்துக்கு நாவல் எழுதினார், திரையில் வந்ததுதான் கணக்கு என்பதால் அதுவும் வெளியேதான் நிற்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ என்றால் 2014 ஏப்ரல் 25-ஐ நினைவில் வையுங்கள். அன்றுதான் அதுவரை வந்த கிளைக்கதை நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்று ஒதுக்கினார்கள்.

தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். கூத்தில் போருக்கு முன்பே களப்பலி. எது சரி என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் கேட்பதில்லை. பாரதத்துக்கு உரிமைக்காரக் கம்பெனி இல்லையே.

மூன்றாவது, முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பட நாவலை எழுதுபவர் பெரும்பாலும் முடிந்த படத்தைப் பார்த்து எழுதுவதில்லை. படப்பிடிப்புக்கான திரைக்கதைத் தாளை வைத்து எழுதுகிறார். முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ நாவல் 1976-லேயே கடைக்கு வந்துவிட்டது, படம் 1977 மே மாதம். கதாநாயகன் லூக் ஓட்டும் போர் விமானத்தின் அழைப்புப் பெயர் நாவலில் ‘புளூ ஃபைவ்’, திரையில் ‘ரெட் ஃபைவ்’. தந்திரக் காட்சிகளை நீலத் திரை முன்னால் எடுத்ததால் விமானத்தின் நீலப் பட்டை பின்னணியோடு கரைந்துபோகும்; நிறத்தை மாற்றினார்கள், நாவல் பழையபடியே நின்றுவிட்டது. இப்படி மோதினால் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் குறி போட்டுப் படிப்பது உதவும்: மோதுவதற்குப் பெருக்கல் குறி, படம் தொடாமல் விட்டதற்குக் கேள்விக்குறி, பின்னால் திரையில் வந்ததற்கு டிக். கேள்விக்குறி விழுவதை ‘நடந்தது’ என்று வாதாடாதீர்கள், ‘மறுக்கப்படவில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை இந்த வழியில் அளக்க முடியாது. நாவலும் படமும் கூடவே வளர்ந்து 1968-ல் வந்தவை. நாவலில் கப்பல் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனுக்கு. ஆனால் ஆர்தர் சி. கிளார்க் 1982-ல் அடுத்த பாகத்தை எழுதியபோது தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே பிடித்துக்கொண்டார்.

குறிகளைப் பென்சிலால் போடுங்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ கதாபாத்திரம் சூலுவுக்கு ‘ஹிகாரு’ என்ற முதற்பெயர் 1981-ல் ஒரு நாவலில் வந்தது; பத்து வருடம் கேள்விக்குறியாகக் கிடந்து, 1991 படத்தில்தான் டிக் ஆனது.