டை விற்கப் போகிறீர்களா? வடசென்னையில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பெரிய இடம் வேண்டாம், சரக்கு கனமில்லை, காய்கறி மாதிரி அழுகாது, ஒரு பெட்டிக்குள் நூறு பீஸ் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் டை வியாபாரத்தில் இறங்குகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் சென்னை வெயிலில் ஆசைப்பட்டு டை கட்டுகிறவர் யார்? பள்ளி கட்டச் சொல்கிறது, ஓட்டல் கட்டச் சொல்கிறது, செக்யூரிட்டி ஏஜென்சி கட்டச் சொல்கிறது, இன்டர்வியூவுக்குப் போகிற பையனைக் காலேஜ் கட்டச் சொல்கிறது, ரிசப்ஷனில் கோட் போட்டு நிற்கும் மாப்பிள்ளைக்குக்கூட அக்காவும் தங்கச்சியும்தான் கலர் முடிவு பண்ணுகிறார்கள். கட்டுகிறவர் ஒருவர், கட்டச் சொல்கிறவர் வேறொருவர். இதை யோசிக்காமல் கடை போடுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

உதாரணமாக, டிசைனைப் பார்த்து மயங்குவது. கோடவுன் தெரு, சவுக்கார்பேட்டை பக்கம் மொத்தக் கடைகளில் மாங்காய் டிசைன், புள்ளி, கட்டம், பளபள ஜரிகை என்று விரித்துப் போட்டால் கண் நிற்காது, டசன் கணக்கில் எடுத்துவிடுவோம். அந்த டசனில் நாலு போகும், எட்டு தூங்கும். சும்மா கிடக்கிற கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன், சாம்பல், இந்த நாலு பிளெயின் கலரும் வருஷம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். அகலத்தையும் கவனியுங்கள்: மூன்றிலிருந்து மூன்றரை அங்குலம் எல்லாருக்கும் பொருந்தும், இரண்டு அங்குல ஸ்லிம் டையை இளவட்டம் மட்டும்தான் கேட்கும்.

இன்னொரு கணக்கும் அடிக்கடி காதில் விழும்: பாரிமுனையில் ஐகோர்ட் இருக்கிறது, கறுப்பு கோட் கூட்டம் அலைமோதுகிறது, ஆளுக்கொரு டை விற்றாலே போதும். வக்கீல்களின் கழுத்தை உற்றுப் பாருங்கள், அங்கே இருப்பது டை இல்லை, 'பேண்ட்' என்கிற, இரண்டு பட்டையாகத் தொங்கும் வெள்ளைக் கழுத்துப் பட்டி. பார் கவுன்சில் விதிப்படி ஐகோர்ட், மாவட்ட நீதிமன்றம், செஷன்ஸ், சிட்டி சிவில் கோர்ட் எல்லாவற்றிலும் பேண்ட்தான். அதற்குக் கீழே உள்ள கோர்ட்டுகளில் மட்டும் பேண்டுக்குப் பதில் கறுப்பு டை கட்டலாம். அந்தக் கூட்டத்தை நம்பிப் பாரிமுனை வாடகை கொடுப்பது வீண்.

வடசென்னையில் டைக்குப் பெரிய வாடிக்கை பள்ளிக்கூடம்தான். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று எங்கே பார்த்தாலும் மெட்ரிகுலேஷன் பள்ளிகள். ஜூனில் பள்ளி திறக்கிறது என்று மே மாதம் போய் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தால் யாரோ ஒருத்தர் ஏற்கெனவே தைத்து, பண்டல் கட்டி வைத்திருப்பார். பொங்கல் முடிந்த கையோடு சாம்பிளோடு போக வேண்டும். அந்த சாம்பிளைப் பகல் வெளிச்சத்தில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஏனென்றால் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு மெரூன் வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடும். அடுத்த லாட் துணி அதே ஷேடில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், ஆகவே நடு வருஷத்தில் தொலைத்துவிட்டு வரும் பிள்ளைகளுக்காக முதல் லாட்டிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தைத்து வைப்பது நல்லது. பள்ளி பெயரையும் சின்னத்தையும் துணியிலேயே நெய்து வாங்க ஆசைப்படாதீர்கள், தறிக்காரர் கேட்கிற குறைந்தபட்ச அளவு சின்னப் பள்ளிக்குக் கட்டுபடியாகாது, எம்பிராய்டரி போதும். பள்ளியைக் கேட்காமல் அவர்கள் சின்னத்தைப் போட்டு வாசலில் விற்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். சின்னம் அவர்களுடையது, ஒரு போலீஸ் புகாரில் முதலே போய்விடும்.

பள்ளி டை பெரும்பாலும் முடிச்சுப் போட்டு வருகிற எலாஸ்டிக் டை, இல்லையென்றால் ஜிப் டை. இங்கே ஏமாறுவது எலாஸ்டிக்கில். மொத்தக் கடையில் இழுத்துப் பார்த்தால் விண்ணென்று இருக்கும், ஆகஸ்டுக்குள் தொளதொளவென்று தொங்கிப் பிள்ளையின் முடிச்சு மார்பில் நிற்கும். இரண்டு பீஸை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தடவை துவைத்துக் காயவைத்துப் பாருங்கள். அப்படியே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து டையில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சாயம் ஏறினால் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையிலும் ஏறும், அப்போது உங்கள் கடைக்கு வருகிற அம்மா டைக்கு மட்டும் காசு கேட்க மாட்டார், சட்டைக்கும் சேர்த்துத்தான் கேட்பார். எல்.கே.ஜி.க்கும் எட்டாம் வகுப்புக்கும் ஒரே அளவு வாங்கி வைப்பதும் நடக்கிறது. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று பள்ளியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாமே.

பெரியவர்கள் டைக்குப் பரிசோதனை வேறு. நல்ல டையின் துணியை 45 டிகிரி சாய்வாக வெட்டியிருப்பார்கள், 1920களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை, இன்றும் அதுதான் நடைமுறை. துணி மிச்சம் பிடிக்க நேராக வெட்டியிருந்தால் குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிட்டதுமே காட்டிக்கொடுத்துவிடும், டை தானாக முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பின்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்த டையில் நீளமாக ஒரே நூல் தளர்வாக ஓடி, கடைசியில் சின்ன வளையமாக நிற்கும். முடிச்சுப் போட்டு இழுக்கும்போது டை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புவது அந்த நூலால்தான். அதைப் பிசிறு என்று நினைத்துக் கடைப் பையன் கத்தரியை எடுத்துவிடுவான். முதல் நாளே சொல்லி வையுங்கள். 'சில்க்' என்று சொல்லிக் கொடுப்பதில் ஒரு இழை பிரித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பட்டு முடி கருகிய வாடை அடித்துச் சாம்பலாக நொறுங்கும், பாலியஸ்டர் உருகி மணியாகிவிடும். பாலியஸ்டரைப் பாலியஸ்டர் என்றே சொல்லி விற்கலாம், இங்கே அதில் யாருக்கும் வருத்தமில்லை.

பணம் மாட்டுகிற இடம் செக்யூரிட்டி ஏஜென்சியும் ஓட்டலும். இருநூறு பீஸ் ஆர்டர் என்றதும் அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்பட்டு முழுக்கக் கடனுக்குக் கொடுப்பார்கள். 'உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கிறேன், 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும்' என்று தெம்பாக இருப்பவர்களும் உண்டு. அந்தத் தாமதக் கட்டணப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்கிறவர்களுக்குத்தான். வாங்கி விற்கிற வியாபாரிக்கு உத்யம் பதிவால் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும். ஆகவே பாதிப் பணம் கைக்கு வராமல் சரக்கு எடுக்காதீர்கள். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் வாங்குகிறவரிடம் போகவே வேண்டாம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பயமும் அலட்சியமும் இரண்டுமே பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருஷத்துக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஒரே ஒரு டையை ஆந்திராவுக்கு விற்று அனுப்பினாலும் அந்த வரம்பு பேச்சே கிடையாது, பதிவு எடுத்தாக வேண்டும். வரி 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஓட்டல்காரர்கள் வரி பில் கேட்பார்கள், அவர்களைக் குறிவைத்தால் ஆரம்பத்திலேயே பதிவு எடுப்பதுதான் என் யோசனை.

கல்யாண டைக்கு ராயபுரம், பெரம்பூர் பக்கம் நல்ல கிராக்கி, கிறிஸ்தவக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு தோழர்களும் ஒரே கலரில் நிற்பார்கள். ஒரு கலரில் இரண்டே பீஸ் வைத்திருந்தால் அந்த ஆர்டர் அடுத்த கடைக்கு. ஆனால் ஆடி, மார்கழி, தவக்காலம் மூன்றிலும் இந்தப் பக்கம் சத்தமே இருக்காது, அந்த நேரத்தில் கல்யாணச் சரக்கை நிரப்பாதீர்கள்.

சரக்கைத் தரையில் அடுக்குவதைப் பற்றி வியாசர்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை வெள்ளம் புகாத தெருவிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைப்பெட்டிக்குள் பூஞ்சை பூக்கும். மேல் ரேக், மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, இடையில் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுவது, இவ்வளவுதான் வேலை. ஷோகேஸில் வெயில் படுகிற பக்கம் தொங்குகிற டை மடிப்போரத்தில் வெளுக்கும், அவற்றை வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, டை விற்கிறவருக்கே டை கட்டத் தெரியாது. வாங்க வருகிற பையனுக்கும் தெரியாது, நாளைக்குக் காலையில் அவனுக்கு இன்டர்வியூ. கண்ணாடி முன்னால் நிறுத்தி, முனை பெல்ட் பக்கிளைத் தொடுகிற அளவுக்கு அவன் கழுத்திலேயே கட்டி, முடிச்சைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றிக் கையில் கொடுங்கள், அவன் அப்படியே மாட்டிக்கொண்டு போவான்.