லேத்தை மெதுவாக ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சின்ன லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வைத்திருப்பவருக்கு 100 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 100 சுற்று) கீழே ஓட்ட வேண்டிய வேலைகள் அதிகம் இருக்காது. அகலமான காஸ்ட் அயர்ன் துண்டுக்கு ஃபேசிங் எடுப்பது (முகத்தைச் சமமாகச் சீவுவது), தோள் வரை (தண்டின் விட்டம் பெரிதாகும் இடம் வரை) மரை போடுவது, நர்லிங் (பிடிமானத்துக்குச் சொரசொரப்பு போடுவது), ஸ்பிரிங் சுற்றுவது, அவ்வளவுதான். ஆனால் மோட்டார் கருகுவது, கியர் பல் உடைவது, துண்டைப் பிடிக்கும் சக் கழன்று விழுவது எல்லாம் நடப்பது இந்த வேலைகளில்தான்.

முதலில், எவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டலாம் என்ற அளவை 318-ஆல் பெருக்கி, துண்டின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு காஸ்ட் அயர்னில் 18 மீட்டர், மைல்ட் ஸ்டீலில் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 200 மி.மீ. காஸ்ட் அயர்ன் தட்டுக்கு 28 ஆர்.பி.எம். வருகிறது. 20 மி.மீ. எம்.எஸ். ராடுக்கு 400 வருகிறது. அந்த ராடை பயத்தில் 60-ல் ஓட்டினால் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது. கார்பைடு டிப் மாட்டியிருந்தால் இன்னும் மோசம்: குறைந்த வேகத்தில் உலோகம் டிப் முனையில் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வரும்போது முனையையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வரும். மெதுவான வேலைக்கு நன்றாகச் சாணை பிடித்த எச்.எஸ்.எஸ். பிட்தான் சரி.

நாபைத் திருப்பினால் வேகம் மட்டும் குறைவதில்லை

வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி, ஒரு நாபில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டிய பிறகு பெல்ட்டைத் தொடவே வேண்டாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அரை எச்.பி. மோட்டார் உள்ள மைஃபோர்ட் எம்.எல். 7 லேத்தை எடுத்துக்கொள்வோம். பெல்ட் வேகமான படியில் இருந்தால் ஸ்பிண்டில் (சக் மாட்டும் தண்டு) 640 ஆர்.பி.எம்.; பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) போட்டு மெதுவான படிக்கு மாற்றினால் 35. இந்த 35-ல் சக்குக்குக் கிடைக்கும் முறுக்கு விசை, உராய்வு இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதே 35-ஐ பெல்ட்டை மாற்றாமல் வி.எஃப்.டி.யில் கொண்டுவர வேண்டுமென்றால் 2.7 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். அப்போது கிடைப்பது 5.5 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் ஏட்டுக் கணக்கில். கியர் வேகத்தைக் குறைத்து அதை விசையாக மாற்றித் தருகிறது. வி.எஃப்.டி. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரின் திறனும் கூடவே போய்விடுகிறது, 1 எச்.பி. மோட்டார் 10 ஹெர்ட்ஸில் கால் எச்.பி. கூட இல்லை.

விசை போதவில்லை என்று டார்க் பூஸ்ட் (குறைந்த வேகத்தில் வோல்ட்டைக் கூட்டும்) அமைப்பை ஏற்றுவது அடுத்த தவறு. கொஞ்சம் உதவும், அளவு மீறினால் லோடே இல்லாமல் மோட்டார் கொதிக்கும். மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதனால் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் காற்றும் வராது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டுவதாக இருந்தால், பின்னால் தனியாக 230 வோல்ட் 120 மி.மீ. விசிறி ஒன்றை, எப்போதும் முழு வேகத்தில் ஓடுமாறு பொருத்துங்கள். வெக்டர் மோடு (மோட்டாரின் கரண்ட்டை அளந்து விசையைக் கட்டுப்படுத்தும் முறை) உள்ள டிரைவ் என்றால் மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள ஆம்ப்பியரைப் பதிந்து ஆட்டோ டியூன் (டிரைவே மோட்டாரை அளந்துகொள்வது) செய்துவிடுவது நல்லது. பலர் செய்வதில்லை.

நேம்பிளேட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊரில் விற்கும் சிறிய த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனையை ஒன்றாக முடிந்த) கனெக்‌ஷனில் வரும். வீட்டு சிங்கிள் பேஸ் லைனில் ஓடும் வி.எஃப்.டி. வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ்தான். அப்படியே மாட்டினால் மோட்டார் சுற்றும், ஆனால் விசை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் டெல்டாவுக்கு (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாகச் சேரும் இணைப்பு) மாற்றிவிடலாம். மூன்றுதான் வெளியே வந்திருந்தால், ஸ்டார் முடிச்சை உள்ளே தேடிப் பிரிக்க ரீவைண்டிங் கடைக்காரரிடம் கொடுங்கள்.

கெபாசிட்டர் ஸ்டார்ட் சிங்கிள் பேஸ் மோட்டாரில் இந்த விளையாட்டே வேண்டாம். வேகம் குறைந்ததும் உள்ளே சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (வேகம் ஏறியதும் ஸ்டார்டிங் வைண்டிங்கைத் துண்டிப்பது) மறுபடி ஒட்டிக்கொள்ளும். சில விநாடிக்கு மட்டும் ஓட வேண்டிய ஸ்டார்டிங் வைண்டிங் தொடர்ந்து ஓடிக் கருகும். ஃபேன் ரெகுலேட்டரும் டிம்மரும் அதே கதைதான். அந்த மோட்டாருக்கு வழி, நடுவில் ஒரு கவுண்டர் ஷாஃப்ட் (இடைத் தண்டு). 3 இன்ச் புல்லியிலிருந்து 12 இன்ச் புல்லிக்கு ஓட்டினால் 1440 என்பது 360 ஆகிவிடும். இடம் இல்லை என்று 2 இன்ச் புல்லி மாட்டாதீர்கள். ஏ செக்‌ஷன் பெல்ட் அவ்வளவு சின்ன வட்டத்தில் வளையாது, வழுக்கும்.

டி.சி. மோட்டார் உள்ள மினி லேத்துக்கும் இதே நியாயம்தான். ஹை கியரில் வைத்துக்கொண்டு நாபைக் கடைசி வரை இறக்காதீர்கள், லோ கியருக்கு மாற்றுங்கள். வெட்டும்போது சக் நின்றுவிட்டால் நாபை ஏற்றவே கூடாது. நின்ற மோட்டாரில் கரண்ட் பாய்ந்தால் போர்டில் உள்ள டிரான்சிஸ்டர்தான் முதலில் போகும்.

அப்படியானால் வி.எஃப்.டி. எதற்கு? ஃபேசிங்குக்கு. மேலே சொன்ன 200 மி.மீ. தட்டில் டூல் நடுவை நோக்கிப் போகப் போக விட்டம் குறைகிறது, 100 மி.மீ. வரும்போது 57, 50 மி.மீ. வரும்போது 114 ஆர்.பி.எம். என்று நாபை ஏற்றிக்கொண்டே போனால் முகம் முழுக்க ஒரே ஃபினிஷ் கிடைக்கும். அடிப்படை வேகத்தைக் கியர் பார்த்துக்கொள்ளட்டும், நாப் நுணுக்கத்துக்கு இருக்கட்டும்.

பேக் கியரில்

லேத் ஓடும்போது பேக் கியரைத் தள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புல் கியரை (ஸ்பிண்டிலில் உள்ள பெரிய கியர்) புல்லியோடு பூட்டும் பின்னை எடுக்காமல் பேக் கியரைப் போட்டால் ஸ்பிண்டில் பூட்டிக்கொள்ளும். அது தெரியாமல் சுவிட்சைப் போடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், தெரிந்தே அப்படிப் பூட்டி, இறுகிய சக்கைக் கழற்ற உதைப்பது. காஸ்ட் அயர்ன் பல் அந்த அடியைத் தாங்காது. பெட்டின் மேல் மரக்கட்டையை வைத்து, சக் ஜா (துண்டைப் பிடிக்கும் தாடை) அதில் முட்டும்படி பெல்ட்டைக் கையால் பின்பக்கம் இழுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேக் கியரில் சக் 35-ல் நகர்ந்தாலும் கோன் புல்லி (பெல்ட் ஓடும் படிப் புல்லி) ஸ்பிண்டிலின் மேல் 200-ல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேர் ஓட்டத்தில் இரண்டும் சேர்ந்து சுற்றுவதால் அங்கே தேய்மானமே இல்லை, எண்ணெய் விடும் நினைப்பும் வராது. புல்லியில் உள்ள சிறிய கிரப் ஸ்க்ரூவைக் கழற்றி நான்கு சொட்டு விடுங்கள். புஷ் பேரிங் (குண்டு இல்லாத வெறும் புஷ்) லேத் என்றால் அதற்கும் ஓட்டும் முன்னரே விட வேண்டும். மெதுவான சுற்றில் எண்ணெய்ப் படலம் தானாக உருவாகாது. ஆல் கியர் ஹெட்டில் (பெல்ட் படிக்குப் பதில் கியர்களால் வேகம் மாற்றும் லேத்தில்) எண்ணெயை மேலே தெளிப்பது கியரின் வேகம்தான், ஆகவே அங்கேயும் மோட்டாரை மிகவும் இறக்கி ஓட்டாதீர்கள்.

கையின் பழக்கம்

ஆட்டோ ஃபீட் (டூலைத் தானாக நகர்த்துவது) ஸ்பிண்டிலோடு சேர்ந்து தானாகக் குறையும், கை குறையாது. கை விநாடிக்கு 1 மி.மீ. தள்ளிப் பழகியிருக்கும். 300 ஆர்.பி.எம்.மில் அது ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ.; 30-ல் 2 மி.மீ. டூல் உடைவதற்கு வேறு காரணமே வேண்டாம். பார்ட்டிங்கில் (துண்டை வெட்டிப் பிரிப்பதில்) இதற்கு நேர் எதிர்: பயந்து பயந்து தொட்டால் பிளேடு வெட்டாமல் உரசும், அலறும். 25 மி.மீ. எம்.எஸ். ராடுக்கு 150 ஆர்.பி.எம்., சுற்றுக்கு 0.05 மி.மீ., நிறுத்தாமல். மாட்டிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு கிராஸ் ஸ்லைடை மெல்லப் பின்னால் எடுக்க வேண்டும்.

மரை போடும்போது 3 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்), 60 ஆர்.பி.எம். என்றால் டூல் விநாடிக்கு 3 மி.மீ. போகிறது. சக் நிற்க 3 விநாடி ஆனால், சுவிட்சை அணைத்த பிறகும் ஒன்றரைச் சுற்று, அதாவது 4.5 மி.மீ. ஓடும். 6 மி.மீ. அண்டர்கட் (மரை முடியும் இடத்தில் வெட்டிய பள்ளம்) எடுத்திருந்தால் உங்களுக்கு மிச்சம் அரை விநாடிதான். அதற்காக டிரைவில் நிற்கும் நேரத்தை ஒரு விநாடிக்குக் குறைத்தால், ஸ்பிண்டில் மரையில் திருகி மாட்டிய சக் தன் கனத்தாலேயே கழன்றுவிடும். ரிவர்ஸில் திடீரென்று எடுத்தாலும் அப்படித்தான். அண்டர்கட்டை அகலப்படுத்துங்கள், அல்லது வேகத்தை 30-க்கு இறக்குங்கள்.

மெதுவாகச் சுற்றும் சக்கைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. அந்த 100 நியூட்டன் மீட்டரில் இழப்பு போக 80 மிஞ்சினாலும், 100 மி.மீ. சக்கின் விளிம்பில் அது 160 கிலோ இழுப்பு. தோளில் தொங்கும் துண்டோ கையுறையோ சிக்கினால் மோட்டார் திணறாது, நிற்காது. சுருளைக் கொக்கியால் எடுங்கள். எமரித் தாளை விரலில் சுற்றி உள்துளைக்குள் விடவே விடாதீர்கள்.

தோளை ஒட்டி மரை போட, ஸ்பிண்டிலின் பின்முனையில் கைப்பிடி மாட்டிச் சுற்றுவதுதான் எல்லாவற்றிலும் மெதுவான, நம்பகமான வழி. பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படும்படி பெட்டின் மேல் வைத்த பிறகுதான் கைப்பிடியை மாட்ட வேண்டும்.