சூடு ஸ்போரை எழுப்புமா, கொல்லுமா? நீங்களே செய்து பார்க்க ஒரு லேப் சோதனை

நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது பேசில்லஸ் என்ற பாக்டீரியா இனத்திடம் எடுபடாது. சாப்பாடு தீர்ந்துபோனால் அது ஸ்போராக, அதாவது கெட்டியான உறையிட்ட உறங்கும் வித்தாக, மாறி ஒடுங்கிக்கொள்ளும். ஸ்போரின் உள்ளறையில் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலம் நிறைய இருக்கும். இந்த வறட்சிதான் அதைச் சூட்டிலிருந்து காக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மிதமான சூடு அதை முளைக்கத் தயாராக்கும். அதே சூடு ஏறிக்கொண்டே போனால் கொன்றுவிடும். இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்கலாம்.

கல்லூரி மைக்ரோபயாலஜி லேபில், பேசில்லஸ் சப்டிலிஸ் வைத்து மட்டும் செய்யுங்கள். வீட்டில் மீந்த சோற்றையும் தோட்டத்து மண்ணையும் வைத்து முயற்சி வேண்டாம். அவற்றில் பேசில்லஸ் சீரியஸ் இருக்கலாம். வாந்தியைக் கிளப்பும் அதன் நச்சு, சூடு செய்தாலும் போகாது.

படி 1: ஸ்போர் சேகரிப்பு

நியூட்ரியண்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) துளி மாங்கனீசு சல்ஃபேட் சேர்த்து, பாக்டீரியாவைப் பூசி, 37 டிகிரியில் நான்கைந்து நாள் விட்டுவிடுங்கள். பட்டினி போட்டால்தான் ஸ்போர் வரும், அவசரப்படாதீர்கள். பிறகு குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் வழித்தெடுத்து, சென்ட்ரிஃபியூஜில் பலமுறை கழுவி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படி 2: கண்ணால் உறுதி செய்தல்

ஸ்லைடில் ஒரு துளியைப் பரப்பி, உலர்த்தி, ஆவியின் மேல் வைத்து மாலகைட் பச்சைச் சாயத்தை ஐந்து நிமிடம் விடுங்கள். சாயம் காய்ந்துபோகாமல் மேலும் மேலும் சொட்டுவிட வேண்டும். தண்ணீரில் அலசிவிட்டு சஃப்ரானின் போடுங்கள். ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பார்த்தால் சிவப்புக் குச்சிகளுக்கு நடுவே பச்சை முட்டைகள் தெரியும். சிவப்பு அதிகமாக இருந்தால் இன்னும் கழுவ வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் பின்னால் வரும் எண் எதையும் நம்ப முடியாது.

படி 3: சூடு

ஸ்போர் கலவையை மூடிபோட்ட மூன்று குழாய்களில் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதைத் தொட வேண்டாம். இரண்டாவதை 70 டிகிரி வாட்டர்பாத்தில் 30 நிமிடம் வையுங்கள். மூன்றாவதை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம். வாட்டர்பாத்தின் நீர்மட்டம் குழாய்க்குள் இருக்கும் கலவையைவிட உயரமாக இருக்கட்டும். மேல்சுவரில் ஒட்டிய துளிக்குச் சூடு போய்ச் சேராது. முடிந்ததும் உடனே ஐஸில் வையுங்கள். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், ஏனென்றால் 70 டிகிரி கொடுத்த தயார்நிலை நிரந்தரமில்லை. நாள்பட வைத்தால் பழையபடி உறங்கிவிடும்.

படி 4: முளைக்க வைத்தல்

சூடு வெறும் முன்னேற்பாடுதான். முளைக்க ஒரு சமிக்ஞை வேண்டும். சப்டிலிஸுக்கு எல்-அலனைன் என்ற அமினோ அமிலம் போதும். டிரிஸ் பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) ஸ்போரைக் கலந்து, 600 நானோமீட்டர் ஒளியில் ஓ.டி. (கலங்கலின் அளவு) 1.0 பக்கம் வருமாறு சரிசெய்து, 10 மில்லிமோலார் எல்-அலனைன் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுங்கள்.

வளர்ச்சி என்றால் ஓ.டி. ஏறும் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே இறங்கும். ஸ்போர் டைபிகோலினிக் அமிலத்தை வெளியே விட்டு, தண்ணீரை உள்ளே இழுக்கும்போது ஒளியைச் சிதறடிக்கும் தன்மை குறைகிறது. முழுதாக முளைத்தால் 1.0 இலிருந்து 0.4 வரைகூடப் போகும். 70 டிகிரி கண்ட குழாய் வேகமாக இறங்கும், சூடு காணாதது தயங்கித் தயங்கி இறங்கும்.

படி 5: பிளேட்

ஓ.டி.யை மட்டும் நம்பக் கூடாது. சூட்டில் செத்த ஸ்போரும் டைபிகோலினிக் அமிலத்தை இழக்கும். ஆகவே மூன்றையும் படிப்படியாக நீர்த்து அகாரில் பரப்பி மறுநாள் எண்ணுங்கள். ஆட்டோகிளேவ் பிளேட் வெறுமையாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கூடுதல் வேலை, எனக்கு இதில் பிடித்ததே இதுதான். அலனைனில் ஒரு மணி நேரம் இருந்த கலவையை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பரப்புங்கள். முளைத்தவை கவசத்தை இழந்துவிட்டதால் செத்துவிடும். வரும் காலனிகள் எல்லாம் எழ மறுத்தவை. இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1877இல் வைக்கோல் ஊறிய நீரை விட்டுவிட்டுச் சூடாக்கியபோது கையாண்டதும் இந்த உத்திதான்: முளைக்க விட்டு, பிறகு கொல்வது.

அழுத்தம் எங்கே வருகிறது?

ஆட்டோகிளேவில் ஸ்போரைக் கொல்வது அழுத்தம் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அதிலுள்ள 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது கிட்டத்தட்ட 0.1 மெகாபாஸ்கல், ஸ்போர் அதைச் சட்டைசெய்யாது. அந்த அழுத்தம் நீராவியை 121 டிகிரிக்கு ஏற்ற உதவுகிறது, அவ்வளவுதான். பிரஷர் குக்கரும் அப்படியே.

அழுத்தமே ஸ்போரை எழுப்ப வேண்டுமென்றால் சுமார் 100 மெகாபாஸ்கல் தேவை, அதாவது ஆயிரம் மடங்கு. 100 முதல் 300 வரை, ஸ்போரில் அலனைனை உணரும் அதே ஏற்பிகள் (சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்கள்) அலனைன் இல்லாமலேயே தூண்டப்படுகின்றன. 500ஐத் தாண்டினால் ஏற்பிகளைச் சுற்றிக்கொண்டு, டைபிகோலினிக் அமிலம் வெளியேறும் கால்வாயே நேரடியாகத் திறக்கிறது. இதைச் செய்யும் இயந்திரம் சாதாரணக் கல்லூரி லேபில் கிடைக்காது. உணவுத் தொழிற்சாலைகளில் பார்க்கலாம். அங்கே பழச்சாற்றுக்கு 600 மெகாபாஸ்கல் வரை கொடுத்தும் குளிர்பெட்டியில்தான் விற்கிறார்கள். சாதாரண வெப்பநிலையில் அந்த அழுத்தத்திலும் ஸ்போர்கள் மிஞ்சும். அழுத்தத்தோடு 90 டிகிரிக்கு மேல் சூடும் சேர்ந்தால் கதை வேறு. நீரை அழுத்தினாலே அது 100 மெகாபாஸ்கலுக்கு ஏறக்குறைய 3 டிகிரி தானாகச் சூடாகும் என்பது அங்கே கைகொடுக்கிறது.

ஓ.டி. இறங்கவே இல்லையா?

வாட்டர்பாத்தின் டிஸ்பிளேயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை நீரில் நுழைத்துப் பாருங்கள். அதுவும் சரி என்றால் அலனைன் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டி.எல். என்று போட்டிருந்தால் அதில் பாதி டி-அலனைன், எல் வகையின் கண்ணாடிப் பிம்பம். அது முளைப்பைத் தடுக்கும். எல் வகையாகக் கேட்டு வாங்கி, படி 3இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.