1790களின் உறுப்பினர் எந்தக் கட்சி? அட்டவணை போடும் வழி

அமெரிக்கக் காங்கிரஸின் ஆரம்பகாலத் தேர்தல்களை அட்டவணையாக்க உட்கார்ந்தபோது, முதல் வேலையாகக் ‘கட்சி’ என்று ஒரு பத்தியைப் போட்டேன். பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். 1788இல் அவர் ஃபெடரலிஸ்ட். 1792 வாக்கில் ஃபெடரலிஸ்டுகளின் எதிரணித் தலைவர். முதலில் அந்தச் சொல் புதிய அரசமைப்பை ஆதரித்தவர்களைக் குறித்தது. சில ஆண்டுகளில் நிதியமைச்சர் ஹாமில்டனின் நிதிக் கொள்கைக்குப் பின்னால் நின்றவர்களுக்குப் போய்விட்டது. 1789 பிப்ரவரியில் நடந்த காங்கிரஸ் தேர்தலில் மேடிசன் 1308-க்கு 972 என்று தோற்கடித்தது யாரை? புதிய அரசமைப்பை எதிர்த்த ஜேம்ஸ் மன்ரோவை. பிற்பாடு இருவரும் ஒரே முகாம்!

அதனால் கட்சிப் பத்தியைக் கடைசிவரை காலியாக விடுங்கள்.

முதலில் தேதி. 1789இலிருந்து 1933 வரை ஒவ்வொரு காங்கிரஸின் இரண்டாண்டு ஆயுளும் ஒற்றைப்படை ஆண்டின் மார்ச் 4இல் தொடங்கியது. ஆனால் நாடு முழுக்க ஒரே நாளில் தேர்தல் கிடையாது. நான்காவது காங்கிரஸுக்கு (1795–97) மாசசூசெட்ஸ் 1794 நவம்பரில் வாக்களிக்க, வர்ஜீனியா 1795 வசந்த காலத்தில்தான் வாக்களித்தது. ‘1794 தேர்தல்’ என்று மொத்தமாக எழுதினால் பாதி தப்பாகிவிடும். மாசசூசெட்ஸில் இன்னொரு தலைவலியும் உண்டு: பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி. இல்லாவிட்டால் மறுபடி தேர்தல், அப்புறம் இன்னொன்று. அங்கே சுற்று எண்ணுக்குத் தனிப் பத்தி வேண்டும். கனெக்டிகட்டில் தொகுதியே இல்லை, மாநிலம் முழுக்க ஒரே பட்டியல். தொகுதிப் பத்தியில் ஒரு கோடு போட்டுவிட்டு நகரலாம்.

அடுத்தது வாக்கெடுப்பு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், யார் ஆம், யார் இல்லை என்பதைப் பெயரோடு சபைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்கிறது அரசமைப்பு. அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது 1796 ஏப்ரல் 30: பிரிட்டனோடு செய்த ஜே உடன்படிக்கையை நிறைவேற்றப் பணம் ஒதுக்கலாமா என்ற கேள்வி. 51-க்கு 48 என்று ஒதுக்கலாம் என முடிவானது. ஃபெடரலிஸ்டுகள் ஆதரிக்க, எதிரணி எதிர்த்ததால் யார் எந்தப் பக்கம் என்று இதில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பென்சில்வேனியாவின் ஃபிரடெரிக் மியூலன்பெர்க்கைப் பாருங்கள். 1789இல் முதல் சபாநாயகர். 1793இல் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எதிரணியின் ஆதரவில். உடன்படிக்கை விவாதம் முழுச் சபைக் குழுவில் (சபை முழுவதும் ஒரே குழுவாக உட்காருவது) நடந்தபோது தலைமை அவரிடம். 49-க்கு 49 என்று சமமாக நின்றது; அவர் தன் வாக்கை உடன்படிக்கைப் பக்கம் போட்டார். அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் அவர் காங்கிரஸுக்குத் திரும்பவே இல்லை. இவருக்கு ஒரே சொல்லில் கட்சி எழுதச் சொன்னால் என்னால் முடியாது. காங்கிரஸ் வாரியாகத் தனித்தனி வரி போட்டிருக்கிறேன்.

சரி, இப்போது கட்சிப் பத்தி. முதல் சில காங்கிரஸ்களுக்கு ‘அரசு ஆதரவு’, ‘அரசு எதிர்ப்பு’ என்று எழுதினால் போதும். அவையும் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் ஒட்டிய பெயர்கள்தான். அன்றைய வேட்பாளர் யாரும் அப்படி அச்சடித்துக்கொண்டு வாக்குக் கேட்கவில்லை. மேடிசனோடு சேர்ந்து எதிரணியை நடத்திய ஜெஃபர்சனின் ஆட்களை ‘ரிபப்ளிகன்’ என்றே எழுதுங்கள், அவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். இன்றைய ரிபப்ளிகன் கட்சி 1854இல் பிறந்தது, வேறு குடும்பம்.

1800க்குப் பிறகு பக்கத்தில் ‘கோஷ்டி’ என்று இன்னொரு பத்தியும் வேண்டும். அதிபர் தேர்தலில் ஜெஃபர்சன் ஜெயித்ததும் சண்டை வீட்டுக்குள் வந்துவிட்டது. நியூயார்க்கில் கிளின்டன் ஆட்கள், லிவிங்ஸ்டன் ஆட்கள், பர் ஆட்கள் என்று தலைவர் பெயரே கோஷ்டிப் பெயர். வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப், ஸ்பெயினிடமிருந்து ஃப்ளோரிடாவை வாங்க இருபது லட்சம் டாலர் ஒதுக்குவதை எதிர்த்து 1806இல் ஜெஃபர்சனோடு முறித்துக்கொண்டார். பிறகு பிரிட்டனோடு நடந்த 1812 போரையும் எதிர்த்தார். 1813இல் அவரைத் தோற்கடித்தவர் ஜெஃபர்சனின் மருமகன் ஜான் எப்ஸ். கோஷ்டிப் பத்தி போடுவதற்கு முன், என் அட்டவணையில் அந்த வரியில் ரிபப்ளிகன் ரிபப்ளிகனை வென்றார் என்றுதான் இருந்தது.