யூரியா போட முதல் ஒரு கௌபிச் செடியைக் கிண்டிப் பாருங்கோ

கௌபி, பயறு, உழுந்து, கச்சான் எது வைச்சாலும் இலை கொஞ்சம் வெளிறினவுடன யூரியா வாளியைத் தூக்கிறது எங்கட வன்னிப்பக்கம் பழக்கமாப் போச்சு. 2021இல உரத்தடை வந்து அலைஞ்சதை மறந்திட்டம் போல. யூரியா குடுக்கிற நைதரசனைக் காத்தில இருந்து பிடிச்சுக் குடுக்கிற பக்டீரியா இந்தச் செடியளின்ர வேர்முடிச்சில இருக்கு, முதல்ல அந்த வேரைப் பாப்பம்.

பூ வாற நேரம் ரெண்டு மூண்டு செடியை எடுங்கோ. பிடிச்சு இழுக்காதேங்கோ, முடிச்செல்லாம் மண்ணுக்குள்ள அறுந்து நிண்டுடும், பிறகு ஒண்டுமில்லை எண்டு நினைப்பியள். மண்வெட்டியால சுத்திவர வெட்டி மண்ணோட தூக்கி வாளித்தண்ணியில ஊறவிட்டு மெல்லமா அலசுங்கோ. வேரில உருண்டை உருண்டையா ஒட்டிக்கொண்டிருக்கும், கச்சானில எண்டா பக்கவேர் கிளைக்கிற மூட்டிலதான் தேடோணும். விரலால தட்ட உதிர்ந்தா வேர்முடிச்சு. உதிராம வேரே வீங்கிக் கிடந்தா அது நெமற்றோடு புழுவின்ர வேலை, அது வேற வில்லங்கம்.

இனி நகத்தால ஒண்டைப் பிளவுங்கோ. உள்ளுக்க றோஸ், சிவப்பு எண்டா பக்டீரியா வேலை செய்யுது. காத்தில 78 வீதம் நைதரசன்தானே, அதை அமோனியாவா மாத்திற நொதியத்துக்கு ஒட்சிசன் பட்டா ஆகாது, ஆனா பக்டீரியாக்கு மூச்சுவிட ஒட்சிசனும் வேணும், அதை அளந்தளந்து குடுக்கிறதுதான் அந்தச் சிவப்பு, லெக்கீமோகுளோபின், எங்கட ரத்தத்தில இருக்கிற ஈமோகுளோபினுக்கு உறவுக்காரன். செடி சீனி குடுக்கும், பக்டீரியா நைதரசன் குடுக்கும். இதுக்கு மேல யூரியா கொட்டினா செடி முடிச்சு வைக்கிறதையே விட்டுடும். வெள்ளையெண்டா ஒண்டில் இன்னும் தொடங்கேல்லை, இல்லாட்டி உதவாத பக்டீரியா இனம். பச்சை, கபிலம் எண்டா வயசு போனது, காய் முத்திற நேரம் அப்பிடித்தான். தண்ணி தேங்கினாலும் மூச்சு முட்டும், மாரியில வாய்க்கால் வெட்டிவிடுங்கோ.

முடிச்சே இல்லாட்டி அடுத்த போகம் விதைக்கு றைசோபியம் எண்ட அந்தப் பக்டீரியாப் பொடியைப் பிரட்டுங்கோ. ஆறின கஞ்சித்தண்ணி தெளிச்சு, பொடியைப் போட்டுப் பிரட்டி, நிழலில உலரவிட்டு அண்டைக்கே விதைக்கோணும். பூஞ்சண மருந்து போட்ட விதையில சரிவராது. நான் ஒருக்கா பைக்கற்றை மோட்டச்சைக்கிள் சீற்றில வெயிலுக்க விட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போனனான், பிறகென்ன, ஒரு முடிச்சும் வரேல்லை. சோயாக்குத் தனி இனம், கௌபிக்கு வாங்கினதை அதுக்குப் போட்டா காசுதான் மண்ணுக்க போகும்.

ஆய்ஞ்சு முடிய கௌபியைப் புடுங்காம அடியோட வெட்டுங்கோ, வேர் கிடந்து உக்கட்டும். கச்சானைப் புடுங்கத்தான் வேணும், கொடியை மாட்டுக்குப் போட்டா எருவையாவது திருப்பிக் கொண்டந்து அந்தக் காணியிலயே கொட்டுங்கோ.