‘ஜாலியா இருந்துச்சு’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

லீவு, ஊர்சுற்றல், அரட்டை பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் பேச வரும்போது நம் காலை வாருவது பெரும்பாலும் தெரிந்த சொற்கள்தான். ஜாலி, என்ஜாய், போர், காமெடி, டைம்பாஸ் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தமிழுக்குள் வந்தபிறகு வேறு வேலை பார்க்கின்றன. பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். புதிய சொற்பட்டியல் எதையும் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஐந்தையும் சரிசெய்துவிடுவேன்.

வகுப்பில் ஒருவர் சொன்ன பதிலை எடுத்துக்கொள்வோம். “லாஸ்ட் சண்டே ஐ வாஸ் வெரி போரிங். ஐ வென்ட் டு மை ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ். வீ ப்ளேட். வெரி ஜாலி. ஐ என்ஜாய்ட்.” அவர் சொல்ல வந்தது நமக்கு நன்றாகவே புரிகிறது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்குப் புரிவது வேறு.

முதலில் ‘போரிங்’. இங் என்று முடிவது அந்த உணர்வை உண்டாக்கும் பொருளுக்கோ ஆளுக்கோ உரியது. அந்த உணர்வை அனுபவிக்கிறவருக்கு எட் என்று முடியும் ‘போர்ட்’. ஆகவே ‘ஐ வாஸ் போரிங்’ என்றால், என்னோடு பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று பொருள்! எக்சைட்டிங், எக்சைட்டட், ரிலாக்சிங், ரிலாக்ஸ்ட், அம்யூசிங், அம்யூஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. படம் எக்சைட்டிங், நான் எக்சைட்டட்.

அடுத்து ‘ப்ளேட்’. வளர்ந்தவர்கள் வெறுமனே ‘வீ ப்ளேட்’ என்றால் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடிய மாதிரி கேட்கும். எதை விளையாடினார்கள் என்று சேர்க்க வேண்டும்: ப்ளேட் கார்ட்ஸ், ப்ளேட் செஸ். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அதற்கு ‘ஹங் அவுட்’ இருக்கிறது. நீச்சல், மலையேற்றம், மீன்பிடித்தல் போன்றவற்றுக்கு ப்ளே வராது. கோ ஸ்விம்மிங், கோ ஹைக்கிங், கோ ஃபிஷிங். யோகாவுக்கு டூ யோகா.

‘ஜாலி’ ஆங்கிலத்தில் பெரும்பாலும் கலகலப்பான ஆளைக் குறிக்கும். இன்றைய பேச்சில் சற்றுப் பழைய வாசனையும் அடிக்கும். நாம் ஜாலி என்று சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்வது ‘ஃபன்’. இட் வாஸ் ஃபன். செம ஜாலி என்றால் இட் வாஸ் ஸோ மச் ஃபன். நெருங்கிய நண்பர்களிடம் வீ ஹேட் எ பிளாஸ்ட் என்றும் சொல்லலாம்.

கடைசியாக ‘ஐ என்ஜாய்ட்’. இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம். ஐ என்ஜாய்ட் தி ட்ரிப், அல்லது ஐ என்ஜாய்ட் மைசெல்ஃப். பின்னால் வினை வந்தால் இங் சேர வேண்டும்: ஐ என்ஜாய் ரீடிங். சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு ‘என்ஜாய்!’ என்று தனியாகச் சொல்வது மட்டும் விலக்கு.

இப்போது அதே பதில்: “லாஸ்ட் சண்டே ஐ வாஸ் போர்ட், ஸோ ஐ வென்ட் டு மை ஃபிரெண்ட்ஸ் ப்ளேஸ். வீ ப்ளேட் கார்ட்ஸ் அண்ட் ஜஸ்ட் ஹங் அவுட். இட் வாஸ் ஸோ மச் ஃபன்.” புதிதாகக் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

ஃபன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பயன்படப்போவது இதுதான். இது எண்ண முடியாத பெயர்ச்சொல், அதனால் ‘வீ ஹேட் எ ஃபன்’ தவறு. ‘எ ஃபன் டே’ சரி. அங்கே அந்த ‘எ’ டே என்ற சொல்லுக்கு உரியது. ஃபன் வேறு, ஃபன்னி வேறு. ஷீ இஸ் ஃபன் என்றால் அவளோடு பொழுது இனிமையாகப் போகும். ஷீ இஸ் ஃபன்னி என்றால் சிரிக்கவைப்பாள். ஃபன்னிக்கு ‘ஏதோ சரியில்லையே’ என்ற பொருளும் உண்டு: தேர்ஸ் சம்திங் ஃபன்னி அபௌட் திஸ் பில். ‘மேக் ஃபன் ஆஃப்’ கேலி செய்வது, மனதைப் புண்படுத்தக்கூடியது. நண்பனைச் செல்லமாகக் கலாய்த்ததைச் சொல்ல ‘டீஸ்’ போதும்.

‘ஹி இஸ் காமெடி’ என்று சொல்லாதீர்கள். காமெடி ஒரு கலைவகை. ஆளைச் சொல்ல ஃபன்னி. புன்னகை வரவைத்தால் அம்யூசிங், வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தால் ஹிலேரியஸ். சிரிப்பு வராமலும் நேரம் சுவையாகப் போகலாம், அதற்கு என்டர்டெய்னிங். யாராவது ‘ஐ ஆம் நாட் அம்யூஸ்ட்’ என்றால் உஷாராகிவிடுங்கள், அவர் கடுப்பில் இருக்கிறார்.

டைம்பாஸுக்கு ஜஸ்ட் டு பாஸ் த டைம். ரயிலுக்குக் காத்திருப்பது போன்ற இடங்களில் டு கில் டைம். ‘பாஸ்டைம்’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு. எழுதும்போது அதில் ஒரு எஸ், ஒரு டி மட்டுமே. ஹாபி அதைவிட ஈடுபாடு கோருவது. முயன்று வளர்த்துக்கொள்கிற ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நேர்முகத் தேர்வில் தூங்குவதையும் டிவி பார்ப்பதையும் ஹாபி என்று சொன்னால் எடுபடாது.

ஓய்வு நேரத்துக்குப் பேச்சில் ஃப்ரீ டைம் அல்லது ஸ்பேர் டைம். ‘லெஷர்’ எழுத்துக்கு ஏற்றது. பிரிட்டனில் லெஷர், அமெரிக்காவில் பெரும்பாலும் லீஷர். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. அனுமதி என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லைசென்ஸ் என்பதும் அதே வேர்தான். ‘அட் யுவர் லெஷர்’ என்றால் உங்களுக்கு வசதிப்படும்போது. ‘லெஷர்லி’ பார்க்க வினையடை போல இருந்தாலும் பெரும்பாலும் பெயரடையாகத்தான் வரும்: எ லெஷர்லி வாக். ரிக்ரியேஷன் அறிவிப்புப் பலகைக்கும் படிவத்துக்கும் உரிய சொல், நண்பரிடம் வேண்டாம்.

பழக ஒரு வழி. இரவில் அன்றைய ஒரு பொழுதை எடுத்து மூன்று வாக்கியம் சொல்லிப்பாருங்கள். நடந்தது எப்படி இருந்தது, நான் எப்படி இருந்தேன், நேரத்தை எப்படிச் செலவிட்டேன். இட் வாஸ் ரிலாக்சிங். ஐ வாஸ் ரிலாக்ஸ்ட். ஐ ஸ்பென்ட் தி ஈவினிங் ரீடிங். ஸ்பென்ட் வந்தால் பின்னால் இங் வரும், டு வராது. வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் இந்த இங், எட் குழப்பம் காதில் விழாது. ஒரு வாரம் கழித்து அதே மூன்றையும் வேறொருவரைப் பற்றிச் சொல்லிப்பாருங்கள், ‘ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?’ என்று அவரிடமே கேட்டுவிட்டு.